கோவில் நிற்கிறது, மந்தை எங்கே?



உலகப் படத்தை விரித்து மெக்சிக்கோ நாட்டின் மேற்குக் கரையைப் பாருங்கள். பெருநிலத்தை விட்டு ஒதுங்கி, தெற்கு நோக்கிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு நிலத்துண்டு தெரியும். அதுவே பாகா கலிபோர்னியா எனும் தீபகற்பம். அதன் நீளம் ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர். ஒருபுறம் பசிபிக் சமுத்திரம். மறுபுறம் கலிபோர்னியா வளைகுடா. நடுவே கல்மலைகள், எங்கு நோக்கினும் கள்ளிகள். மழையோ மிக அரிது. வடக்கே பெருநிலத்தோடு ஒட்டியிருந்தும், நெடுங்காலமாகத் தேசப்படங்கள் அதைத் தீவு என்றே காட்டின. யேசு சபையைச் சேர்ந்த கீனோ அடிகளார் 1701, 1702ஆம் ஆண்டுகளில் நிலவழியே பயணம் செய்து, அது தீவல்ல என்று கண்டறிந்தார்.

எங்கோ இருக்கும் இந்தப் பாலை நிலத்தின் சரித்திரம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நற்செய்தியின் பெயரால் அங்கு நடந்தவை நம் மனச்சாட்சியோடு பேசுகின்றன. அதனாலேயே எழுதுகிறேன்.

அந்நிலத்தின் தெற்கே பெரிக்கூ, நடுவே குவாய்க்கூரா, வடக்கே கொச்சிமி என்னும் ஆதிக்குடிகள் வாழ்ந்தனர். மீனும் சிப்பியும் வேட்டையும் கள்ளிப் பழமுமே அவர்கள் உணவு. சிறு சிறு கூட்டங்களாக, தண்ணீர் கிடைக்கும் இடத்தைத் தேடி நடந்துகொண்டே இருப்பது அவர்கள் வழக்கம். 1535இல் கோர்ட்டெஸ் அங்கே ஒரு குடியிருப்பை அமைக்க முயன்றார். உணவின்றி அது கைவிடப்பட்டது. 1683இல் தொடங்கிய மற்றொரு முயற்சியும் இரண்டே ஆண்டுகளில் முடிந்தது. ஸ்பானிய அரசின் பணமும் படையும் அந்த வறண்ட மண்ணில் தோற்றுப்போயின.

1697இல் யேசு சபைக் குருவான சல்வத்தியேரா அடிகளார், ஒரு சில போர்வீரருடன் அங்கே கரையிறங்கினார். அரசு கொடுத்தது அனுமதி மட்டுமே. செலவுக்குப் பக்தர்களின் தர்மப் பணமே துணை. லொரேத்தோ மாதாவின் திருச்சுரூபத்தை வைத்து முதல் மறைத்தளத்தைத் தொடங்கினார். மக்களின் மொழியைக் கற்றார். ஞானோபதேசத்துக்கு வந்தவர்களுக்கு அவித்த சோளம் கொடுத்தார். 1699இல் மலைக்குள்ளே இன்னொரு மறைத்தளம் எழுந்தது. முத்துக்குளித்துறையில் உழைத்து, மன்னாருக்கும் நற்செய்தியை அனுப்பி வைத்த நம் புனித சவேரியாரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அங்கே உகார்த்தே அடிகளார் நீரைத் தேக்கிப் பயிர் செய்தார். மக்களுக்குக் கம்பளி நூற்கவும் நெய்யவும் கற்பித்தார். அந்த வளைகுடாவிலும் முத்து உண்டு. ஆனால் முத்தாசை மக்களை அடிமைகளாக்கிவிடும் என்று அஞ்சி, போர்வீரர் அத்தொழிலில் இறங்குவதைக் குருக்கள் தடுத்தார்கள்.

இவர்கள் பொன் தேடிப் போனவர்கள் அல்லர். 1734இல் பெரிக்கூ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, கரான்கோ, தமரால் எனும் இரு குருக்கள் கொல்லப்பட்டனர். தம் உயிரையே கொடுக்கும் அளவுக்கு அவர்கள் அன்பு மெய்யானது.

ஆயினும் நடந்தது என்ன? சிதறி வாழ்ந்த மக்களைக் கோவிலைச் சுற்றி ஒன்றாய்க் கூட்டினார்கள். கப்பலில் வந்தவர்களோடு பெரியம்மையும் சின்னமுத்தும் வந்தன. அந்நோய்களை முன்பின் அறியாத உடல்கள் அவை. நெருங்கி வாழ்ந்த இடத்தில் நோய் தீயெனப் பரவிற்று. 1697இல் தீபகற்பத்தில் 40,000 பேருக்கும் அதிகமானோர் இருந்திருக்கலாம் என ஆய்வாளர் கணிக்கின்றனர். அரச கட்டளைப்படி 1768இல் 16 யேசு சபையினரும் நாடுகடத்தப்பட்டபோது, எஞ்சியிருந்தோர் ஏறக்குறைய 7,000 பேர். பின்னர் பிரான்சிஸ்கு சபையினரும் சாமிநாதர் சபையினரும் வந்தனர், சாவு நிற்கவில்லை. வடக்கின் எல்லைப்புறத்தில் சில ஆதிக்குடிகள் இன்றும் வாழ்கின்றனர். ஆனால் பெரிக்கூ, குவாய்க்கூரா, கொச்சிமி மொழிகளைப் பேச இன்று ஒரு நாவும் இல்லை.

சவேரியார் மறைத்தளத்தில் 1758இல் கட்டி முடிக்கப்பட்ட அழகிய கற்கோவில் இன்றும் நிற்கிறது. டிசம்பர் 3ஆம் திகதி திருவிழாவுக்கு யாத்திரிகர் வருகின்றனர். யாருக்காக அந்தக் கோவில் எழுந்ததோ, அந்த மந்தையைத்தான் காணோம்.

பிரியமானவர்களே, அக்குருக்களை நாம் கல்லெறிய வேண்டாம். கிருமிகளே நோய்களுக்குக் காரணம் என்பது அக்காலத்தில் நிறுவப்பட்டிருக்கவில்லை. ஆனால் கல்லறைகள் பெருகுவதை அவர்கள் கண்கள் கண்டன. கண்டும், கூட்டி வைக்கும் முறை தொடர்ந்தது. தாம் கொண்டு வந்தது நன்மையே என்ற உறுதி, எதிரே நிகழ்ந்த துன்பத்தின் பொருளை மறைத்துவிட்டது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் பொலிவியாவில், அமெரிக்கக் கண்டத்தின் ஆதிக்குடிகளுக்கு இழைக்கப்பட்ட குற்றங்களுக்காகத் தாழ்மையோடு மன்னிப்புக் கேட்டார். திருச்சபை தன் வரலாற்றைக் கண்ணீரோடு வாசிக்க அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு அது சாட்சி.

நல்ல சமாரியனை நினைத்துப் பாருங்கள். காயத்தைக் கட்டிச் சத்திரத்தில் சேர்த்ததோடு தன் கடமை முடிந்ததென்று அவன் போய்விடவில்லை. திரும்பி வருவதாக வாக்களித்தான். உதவி செய்தபின் திரும்பி வந்து பார்ப்பதும் அன்பின் பாகமே.

நாமும் நன்மை செய்கிறோம். பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறோம். ஏழைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறோம். முதிய பெற்றோரை நமக்கு வசதியான இடத்தில் வைத்துப் பராமரிக்கிறோம். நல்லது. ஆனால் அவர்களிடம் கேட்டோமா? நாம் கொடுத்த நன்மையால் அவர்கள் வாழ்கிறார்களா, வாடுகிறார்களா என்று திரும்பிப் போய்ப் பார்த்தோமா?

இந்த வாரம் உங்களால் உதவி பெற்ற ஒருவரிடம் செல்லுங்கள். ஆலோசனை எதுவும் சொல்லாமல், அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள். ஆடுகளை அறிந்த நல்ல ஆயன், அறிந்து அன்பு செய்யும் வரத்தை நமக்குத் தருவாராக.