கூண்டுக்குள் ஒரு துணை

தனித்திருக்கும் ஓர் உயிருக்குத் துணை தேடித் தருவது நற்செயல் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆயின், துணையைத் தெரிந்தெடுப்பவரும் நாமே, கூண்டின் கதவை மூடுபவரும் நாமே என்றிருக்கும்போது, பின்னர் நிகழ்வதற்குப் பொறுப்பாளி யார்? நம் கடையில் நடந்த ஒரு சம்பவம் இக்கேள்வியை நம் மனத்தை விட்டு அகலாதபடி செய்துவிட்டது.

கல்லாப் பெட்டிக்கு எதிரே ஒரு கூண்டில் பச்சை நிறப் பட்ஜெரிகார் கிளியொன்றை வளர்த்து வந்தோம். நம்மவருள் பலர் இதனை ‘லவ்பேர்ட்’ என்றே அழைக்கின்றனர், அது பிழை. லவ்பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். அதன் அலகு வலிமை மிக்கதாகையால் இரண்டையும் ஒரே கூண்டில் இடுதல் ஆபத்து. பட்ஜெரிகாரோ ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. எடை 30 முதல் 40 கிராம்தான். அங்கே நீரும் புல்விதையும் தேடிக் கூட்டங்கூட்டமாகப் பறந்து திரிவது அதன் இயல்பு. 1840-ஆம் ஆண்டில் ஜான் கூல்டு என்னும் பறவை ஆராய்ச்சியாளர் அவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பின்னர் அது உலகெங்கும் கூண்டுப் பறவையாயிற்று.

கூட்டமாய் வாழப் பிறந்த உயிர், கண்ணாடித் துண்டில் தன் நிழலையே கொஞ்சிக்கொண்டிருப்பதைக் கண்டு நமக்கு இரக்கம் உண்டாயிற்று. ஒருநாள் மாலை நீலக்கிளி ஒன்றை வாங்கிவந்து, அப்பொழுதே அதே கூண்டில் விட்டோம். இன்னொரு கூண்டு வாங்குவது வீண் செலவென்று கணக்குப் போட்டோம். “பழகிவிடும்” என்று சொல்லிக் கடையை அடைத்துச் சென்றோம். மறுநாள் காலையில் நீலக்கிளி அடித்தட்டில் ஒடுங்கிக் கிடந்தது. கால்விரலில் இரத்தம். இருந்த தினைக் கிண்ணமோ ஒன்றுதான். அதன்மேல் பச்சைக்கிளி காவல் இருந்தது. உடனே பிரித்து வைத்தோம். எனினும் மூன்றாம் நாள் நீலக்கிளி இறந்துவிட்டது.

“பொல்லாத கிளி” என்றனர் கடைக்கு வந்தோர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் ஆராய்ந்து பார்த்தபோது குற்றம் வேறிடத்தில் இருந்தது. பச்சைக்கிளி பெண். மூக்கின் மேலுள்ள தோல் வளர்ந்த பெண்ணுக்குப் பழுப்பாகவும், ஆணுக்குப் பெரும்பாலும் நீலமாகவும் இருக்கும். தன் இடத்தைக் காப்பதில் பெண்ணே கடுமை மிக்கது. அதற்கு நாம் கொடுத்தது துணையன்று. சொல்லாமல் வீட்டுக்குள் புகுந்த அந்நியன். இதே சச்சரவு மரக்கிளையில் நேர்ந்திருந்தால் ஒன்று கொத்தும், மற்றது பறந்துபோகும். விஷயம் அத்தோடு முடிந்துவிடும். சச்சரவைச் சாவாக்கியது கிளியின் குணமன்று, ஒதுங்கிப்போக இடமில்லாத கூண்டு. அக்கூண்டோ நம்முடையது.

கிளிக்காக இத்தனை ஆராய்ச்சியா என்று சிலர் வினவலாம். கடை நடத்துவோர்க்கு இது புதிதன்று. புதிதாய் வந்த பையனைப் பழைய சிப்பந்தியோடு ஒரே அறையில் தங்கவைத்து, “ஒத்துப்போங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராத முதலாளிகளை நாம் அறிவோம். பையனாவது வாய்திறந்து முறையிடலாம். கிளிக்கு அதுவும் இல்லை.

செய்ய வேண்டிய முறை கடினமானதன்று, பொறுமைதான் வேண்டும். புதுக்கிளியை ஒரு மாத காலம் வேறு அறையில் வைத்துக் கவனிக்க வேண்டும். கிளிகள் நோயை மறைத்துக்கொள்ளும். சில நோய்கள் மனிதருக்கும் தொற்றும். பின்னர் இரு கூண்டுகளையும் எட்ட வைத்து, நாளடைவில் அருகே நகர்த்த வேண்டும். அதன்பின் சன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, இரண்டுக்கும் சொந்தமல்லாத அறையில் நம் கண்ணெதிரே திறந்துவிட வேண்டும். சேர்த்து வைப்பதானால் பெரிய கூண்டாக வேண்டும். அமரும் கொம்புகளைப் புதிதாய் மாற்றியமைத்து, தினைக்கு இரண்டு, நீருக்கு இரண்டு என்று கிண்ணங்கள் வைக்க வேண்டும். ஒன்றன் தலையை மற்றது கோதிவிட்டால் நல்ல அடையாளம். ஒன்று ஓயாது துரத்தினால் உடனே பிரித்துவிட வேண்டும். இதற்கு வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

இத்தனையும் செய்த பின்னரும் அவை ஒத்துப்போகாமலே இருக்கலாம். நம் இரக்கத்துக்கு உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது. அப்பொழுது இரண்டு கூண்டுகளையும், அவை வாழும் ஐந்தோ பத்தோ ஆண்டுகள் பராமரிக்க நாம் ஆயத்தமா? ஆம் என்பவர் கிளிக்காகத் துணை தேடுகிறார். இல்லை என்பவர் தம் மன ஆறுதலுக்காகத் தேடுகிறார். அதற்குரிய விலையைக் கிளியின் தலையில் சுமத்துகிறார்.

இப்பொழுது நம்மிடம் மஞ்சள் கிளி ஒன்று வந்திருக்கிறது. பகலில் மாடியறையில் இரண்டும் ஒரே கயிற்றில் சற்றே இடைவெளி விட்டு அமர்ந்திருக்கும். இரவில் தத்தம் கூண்டுக்குப் போய்விடும். அதற்கு மேல் நாம் வற்புறுத்துவதில்லை. தம் கிளிக்குத் துணை தேட விரும்பும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: முதலில் இரண்டாவது கூண்டை வாங்குங்கள், அதன்பின் இரண்டாவது கிளியை வாங்குங்கள்.