யார் வீட்டு எண்ணெய்

கலைக்காக வாழ்க்கையையே கொடுத்தவர் என்று ஒருவரைச் சொன்னால் நம் தலை தானாகத் தாழ்ந்துவிடுகிறது. அவர் கொடுத்தது யாருடைய வாழ்க்கையை என்று கேட்கத் தோன்றுவதில்லை. தாகேஷி கிட்டானோ 2008-இல் எடுத்த ‘அகிலீஸும் ஆமையும்’ என்ற ஜப்பானியப் படம் அதைத்தான் இரண்டு மணி நேரம் விடாமல் கேட்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளை மச்சிசு. தொழில் நொடித்து அப்பா தற்கொலை செய்துகொள்ள, நடுத்தெருவுக்கு வருகிறான். சிறு வயதில் எடுத்த தூரிகையை மட்டும் தலை நரைத்த பிறகும் கீழே வைப்பதில்லை. படங்கள் விலைபோவதில்லை. இது இன்னாரைப் பார்த்துப் போட்டது என்று வியாபாரி தள்ளிவிடும்போதெல்லாம் அடுத்த பாணிக்குத் தாவுகிறான். மனைவி வேலைக்குப் போய்ச் சோறு போடுகிறாள். சாவின் விளிம்பில் என்ன தெரிகிறது என்று அவன் பார்ப்பதற்காக, தொட்டித் தண்ணீரில் அவன் தலையைப் பிடித்து அழுத்தவும் செய்கிறாள். வீட்டை விட்டுப் போய் உடலை விற்றுப் பிழைக்கும் மகளிடமே அவன் காசு கேட்டுப் போய் நிற்கிறான். அந்த மகள் பிணமாகக் கிடக்கையில் அவள் முகத்தில் உதட்டுச்சாயத்தைப் பூசித் துணியில் ஒற்றியெடுக்கிறான். அதுவரை எல்லாவற்றுக்கும் துணை நின்ற மனைவி அதன்பிறகுதான் அவனை விட்டுப் போகிறாள். இந்த மனிதன் பித்தனா, பக்தனா?

பக்தன் என்று சொல்வதற்குத் தமிழில் வலுவான சான்று உண்டு. எண்ணூரிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால் திருவொற்றியூர். அவ்வூர்ச் சக்கரப்பாடித் தெருவில் எண்ணெய் வணிகர் குலத்தில் பிறந்த கலிய நாயனாரின் கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் ஒரு கணக்குப் புத்தகத்தின் நிதானத்தோடு சொல்லிச் செல்கிறார். கோயிலுக்கு உள்ளும் புறமும் இரவும் பகலும் விளக்கேற்றுவது கலியரின் தொண்டு. அதிலேயே செல்வம் கரைந்தது. உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்று, கிடைத்த கூலியில் விளக்கேற்றினார். அவர்கள் கொடுப்பதை நிறுத்தியதும், முதலாளியாக இருந்தவர் இன்னொருவர் செக்கில் கூலிக்கு இறங்கினார். எள்ளைப் பதம் பார்த்து ஆட்டி, எண்ணெய் பிரிந்து வரும் வரை உழைத்தார். பிறகு அந்த வேலைக்கும் ஆள் பெருகிவிடக் கூலி கிடைக்காமல் போயிற்று. (ஒப்பந்தக் கூலிக்கு ஆலை வாசலில் நிற்கும் வடசென்னைக்காரருக்கு இந்த இடத்தில் உரை தேவைப்படாது.) வீட்டுப் பொருளை விற்றார், வீட்டையும் விற்றார். கடைசியில் மனைவியை விற்கக் கிளம்பினார். வாங்குவார் இல்லை. திரும்பி வந்து படம்பக்கநாதர் கோயிலில் அகல்களைப் பரப்பித் திரியிட்டு, எண்ணெய்க்குப் பதில் தன் இரத்தத்தை நிறைக்கக் கழுத்தை அரியத் தொடங்கினார். அப்போது இறைவன் கை வந்து அவர் கையைப் பிடித்தது.

மச்சிசுவும் கலியரும் ஒரே படிகளில்தான் இறங்குகிறார்கள்: செல்வம், உழைப்பு, வீடு, பெண், கடைசியில் தன் உடம்பு. மச்சிசுவும் படத்தின் முடிவில் குடிசைக்குத் தீவைத்து உள்ளே உட்கார்ந்து வரைகிறான். அப்படியானால் ஒருவர் நாயனார், மற்றவர் கோமாளி என்பது வெறும் கட்சி கட்டலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எவ்வளவு இழந்தார் என்பதை வைத்துத்தான் பக்தியை அளக்கிறோம். அந்த அளவுகோலே தவறு. இழந்தது யாருடையது என்பதே முதல் கேள்வி. கலியர் கதையை நிதானமாகப் படித்தால் புராணமும் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. இறைவன் எந்த இடத்தில் வருகிறார் என்று பாருங்கள். மனைவியை விற்கப் புறப்பட்ட துணிவைக் கண்டு அவர் தோன்றவில்லை. அந்த நேரத்தில் நடந்தது ஒன்றே ஒன்று: ஊரில் ஒருவரும் வாங்கவில்லை. அந்தக் கதவு அடைபட்டு, கலியர் தன் கழுத்துக்கே திரும்பிய பிறகுதான் தரிசனம்.

இன்னும் இரண்டு விளக்குத் தொண்டர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தில்லையில் கணம்புல்லை அறுத்து விற்று விளக்கெரித்தவர் கணம்புல்லர். ஒருநாள் புல் விலைபோகவில்லை, புல்லையே எரித்தார். அதுவும் போதாதபோது தன் தலைமுடியைத் திரியாக்கினார். திருவாரூரில் எண்ணெய் மறுக்கப்பட்ட நமிநந்தியடிகள் குளத்து நீரை ஊற்றி விளக்கெரித்தார். இருவரும் இன்னொரு மனிதரைத் தொடவில்லை. விளக்குத் தொண்டர் வரிசையில் இன்னொருவரைப் பணமாக்க முனைந்தவர் கலியர் ஒருவரே. அந்த முயற்சி பலிக்கவும் இல்லை.

இது இருபத்தோராம் நூற்றாண்டின் கண்ணாடி, பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் கலியரை எங்கும் குறை சொல்லவில்லையே என்று மறுக்கலாம். உண்மைதான், சொல்லவில்லை. இயற்பகையார் மனைவியையே கொடுத்ததையும் அதே புராணம் போற்றுகிறது. ஆனால் இயற்பகையாரிடம் கேட்டு வந்தவர் இறைவன். கலியரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை; விலை பேசப் போனவர் அவர்தான். அதைவிட, மனைவிக்குச் செய்த தீங்கை இறைவன் பொருட்படுத்த மாட்டார் என்பதற்கு இதே திருவொற்றியூர் எதிர்ச்சாட்சி. மகிழ மரத்தடியில் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போயின. அவர் சாதாரண ஆள் அல்ல, இறைவனின் தோழர். ஆரூர் வழிபாட்டுக்காகத்தான் போகிறேன் என்ற காரணமும் கையில் இருந்தது. இருந்தும் ஒரு கண் காஞ்சியில், மறு கண் ஆரூரில் என்று பாடிப் பாடித்தான் மீட்க வேண்டியிருந்தது. பெரிய பக்தி சின்னச் சத்தியத்தை விழுங்கிவிடாது என்று இவ்வூர் இறைவன் தன் தோழனிடமே காட்டியிருக்கிறார்.

மச்சிசுவின் மனைவி தானே விரும்பித்தானே உதவினாள் என்பது அடுத்த மறுப்பு. இது கனமானது. கணவன் வேலையை நம்பி உழைக்கும் பெண்ணை வெறும் பலியாள் என்று சொல்வது அவளை அவமதிப்பது. ஆனால் மகள் சம்மதிக்கவில்லையே. பிணம் சம்மதிக்காது. மனைவி தன் பங்கை மனமாரக் கொடுத்தாள். மகளின் பங்கைக் கொடுக்க அவளுக்கும் உரிமையில்லை என்று கண்ட இடத்தில்தான் விலகினாள். கலியர் மனைவியோ புராணத்தில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் மகிழ்ந்து சென்றதாக வைத்துக்கொண்டு உரை சொல்லலாம்; அது உரைகாரர் தரும் சம்மதம்.

இப்படிக் கணக்குப் பார்த்தால் கலையே பிறக்காது, மூர்க்கம் இல்லாமல் மேதை இல்லை என்பார்கள். சென்னையிலேயே மறுமொழி இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து ஓவியர்கள் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தை அமைத்தபோது, ஓவியத்தை நம்பி அடுப்பெரியாது என்று அவர்களுக்குத் தெரியும். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் நிலம், அந்த நிலத்தில் வீடு, வீட்டில் ஓவியம். கலியர் கூலிக்குச் செக்காட்டிய படி அது. நவீன இந்திய ஓவியத்தில் சென்னைக்கென்று ஒரு முகம் கிடைத்ததில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. மூர்க்கம்தான் வேண்டும் என்றால் அங்கேயே கே. ராமானுஜம் இருந்தார். மனநோயோடு போராடிக்கொண்டே பேனா மையில் அரண்மனைகளும் கனவு விலங்குகளும் நிறைந்த ஓர் உலகத்தை வரைந்தவர், முப்பதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே, 1973-இல், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் யாரையும் விற்கவில்லை, எரித்தது தன்னை மட்டுமே. அதைக் கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. புராணமே கழுத்தை முழுதாக அறுபட விடுவதில்லை. கையைப் பிடிக்கிறது, புண்ணை ஆற்றுகிறது. தன்னையே எரித்துக்கொள்வதைத் தெய்வம் விரும்புகிறது என்றல்ல, அதைத் தடுப்பதே தெய்வத்தின் வேலை என்றுதான் கலியர் கதையின் முடிவை நான் படிக்கிறேன். ராமானுஜத்துக்கு அப்படி ஒரு கை நேரத்துக்கு வந்து சேரவில்லை. அதைக் கலையின் மகிமை என்று எழுதுகிறவர்கள் வராத கையின் பொறுப்பைத் துடைத்துவிடுகிறார்கள்.

தனி மனிதரின் பக்திக்குக் கேட்கும் இதே கேள்வியை ஒரு நகரத்தின் பக்திக்கும் கேட்க வேண்டும். 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 450 மெகாவாட் திறன். கலியர் ஏற்றியதைவிட எத்தனையோ மடங்கு விளக்குகள் அதனால் எரிந்தன. 2017-இல் அதை மூடினார்கள். பக்கத்தில் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. இவற்றின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்து, மீனும் இறாலும் பிடித்த ஆழத்தை மேடாக்கியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு வந்த கச்சா எண்ணெய்க் கழிவு அதே கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்கள் வாளியும் குவளையும் கொண்டு, வெறுங்கையால் அதை அள்ளினார்கள். வலையிலும் படகிலும் தார் போல் அப்பியது. நாட்டின் வளர்ச்சிக்கு எண்ணூர் செய்த தியாகம் என்று இதற்குப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மின்சாரம் இல்லாமல் மருத்துவமனை நடக்காது, இந்தக் கட்டுரையும் அச்சேறாது. ஆனால் தியாகம் என்றால் கொடுத்தவர் கையெழுத்து இருக்க வேண்டும். காட்டுக்குப்பத்து மீனவர் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார்? அவர் கேட்பது நிவாரணத் தொகை மட்டுமல்ல, கழிமுகம் பழையபடி ஆழமாக வேண்டும் என்பதும்தான். கோரிக்கை வைக்கிறவரைத் தியாகி என்று புகழ்ந்துவிட்டால் கோரிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற வசதி, புகழ்கிறவர்களுக்கு இருக்கிறது.