கேட்டவர்க்கு உரைத்த அறம்

தன் ஊரையும் சுற்றத்தையும் விட்டு, வேற்றுமொழி பேசுவோர் வாழும் தீவொன்றில் தனியனாகச் சென்று தங்குபவன், அங்கே தன் சமயத்தைப் பேசும் உரிமையை எங்கிருந்து பெறுகிறான் என்னும் வினா, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வரலாற்றில் திரும்பத் திரும்ப எழுந்துள்ளது. கடவுளின் ஆணையே அவ்வுரிமையைத் தருகிறது என்பது ஒரு விடை; அத்தீவினர் அவனை ஏற்று, அவனிடம் கேட்கும்போதுதான் அது பிறக்கிறது என்பது மற்றொரு விடை. இந்த இரண்டாம் விடைக்குத் தமிழிலேயே பழைய சான்று ஒன்று உண்டு.

சாத்தனார் இயற்றிய பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் உட்பிரிவுகளுள் ஒன்றான ஆதிரை பிச்சையிட்ட காதையில், கணிகையிடம் பொருளையெல்லாம் இழந்த சாதுவன் என்னும் வணிகன், கடல்வணிகத்துக்குச் சென்று, கலம் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைசார்ந்த கரையை அடைகிறான். அந்நாகர் ஆடையின்றித் திரிவோர் எனக் காப்பியம் கூறுவதால், அவர்கள் நிலத்தை நிக்கோபாரோடு தொடர்புபடுத்திய ஆய்வாளர்கள் உண்டு. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியிலும், அதாவது அரசனின் வெற்றிகளை அடுக்கிக் கூறும் கல்வெட்டுப் பகுதியிலும், 1025ஐ ஒட்டிய கடற்படையெடுப்பில் வென்ற இடங்களுள் ஒன்றாக, நிக்கோபார் எனக் கருதப்படும் மாநக்கவாரம் குறிக்கப்படுகிறது. நாகர் நிலம் நிக்கோபாரே என்னும் அடையாளம் உறுதியானதன்று. இங்கு நடக்கும் உரையாடலுக்கு அது இன்றியமையாததும் அன்று.

களைத்து உறங்கும் சாதுவனை உணவாகக் கருதி எழுப்பும் நாகர், அவன் தங்கள் மொழியிலேயே பேசுவதைக் கேட்டுத் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். தலைவன் தன் வழக்கப்படி பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுத்து விருந்தோம்ப முற்பட, சாதுவன் அவற்றை மறுக்கிறான். மறுப்பைக் கேட்டுச் சினந்த தலைவன், இவையின்றி மனிதர்க்கு வாழ்வில் வேறு பயன் உண்டானால் காட்டு என்கிறான். பின்னர், உடலை விட்ட உயிர் வேறிடம் புகுவது எப்படி என்று சிரித்தபடி கேட்கிறான். சாதுவனின் அறவுரை முழுவதும் இக்கேள்விகளுக்குரிய விடையாகவே அமைகிறது. அவன் கூறும் அறத்தை அப்படியே கைக்கொள்ளத் தங்களால் இயலாது, தங்களுக்கு ஏற்றதைச் சொல் என்று தலைவன் வேண்டும்போது, கலம் உடைந்து வருவோரைக் கொல்லாதிருத்தல், மூத்து இறந்த விலங்கினைத் தவிரப் பிற உயிர்களுக்குத் தீங்கு செய்யாதிருத்தல் என்ற அளவோடு அவன் நிறுத்திக்கொள்கிறான். பௌத்த ஒழுக்கத்தின் முழுச் சுமையையும் ஏற்றாமல், கேட்டவர் தாங்கும் அளவுக்கு அதனைக் குறைத்துக்கொண்ட இந்த இடமே அக்காதையின் சிறப்பு. நாகரைக் காட்டுமிராண்டிகளாக வரையும் இப்பகுதி விருந்தினன் பக்கத்திலிருந்தே எழுதப்பட்டது என்பதும், தலைவனின் கேள்விகளும் சாத்தனார் வகுத்தவையே என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. ஆயினும், கேள்வி முந்த வேண்டும் என்று ஒரு சமயப் புலவரே எண்ணியது கருதத்தக்கது.

காப்பியத்திலிருந்து வரலாற்றுக்கு வந்தால், தரங்கம்பாடியில் 1760இல் குடியேறிய மொரேவியச் சகோதரர்கள், அதாவது செர்மன் மண்ணில் தழைத்த ஒரு சீர்திருத்தக் கிறித்தவக் குழுவினர், 1768இல் நிக்கோபாரின் நன்கௌரித் தீவில் நிலையம் அமைத்தனர். மொழி எளிதில் வசப்படவில்லை. காய்ச்சல் ஒருவர்பின் ஒருவராகப் பலரைக் கொண்டுபோனது. 1787இல் நிலையம் கைவிடப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, கார் நிக்கோபாரின் மூஸ் ஊரில் தங்கிப் பள்ளி நடத்திய வேதப்பன் சாலமன் என்னும் தமிழரிடம் பயின்ற ஜான் ரிச்சர்ட்சன், அத்தீவிலேயே பிறந்தவர். புதிய ஏற்பாட்டைத் தம் மொழியில் பெயர்த்து, பின்னர் ஆயராகவும் உயர்ந்தார். நன்கௌரியில் வேர்கொள்ளாத அதே சமயம், ஊராருள் ஒருவரின் வாய்மொழியாக வந்தபோது கார் நிக்கோபாரில் பெரும்பான்மையோரின் சமயமாயிற்று.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2018 நவம்பரில் அந்தமானின் வட சென்டினல் தீவில் நடந்தது. அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சாவ், மீனவர்களுக்குப் பணம் கொடுத்துத் தடைசெய்யப்பட்ட கடற்பகுதிக்குள் சென்று, அத்தீவு மக்களோடு தங்கி நற்செய்தி அறிவிக்க முயன்று உயிரிழந்தார். சகல இனத்தாரிடமும் செல்லுங்கள் என்ற கட்டளையைத் தம்மேல் விழுந்த கடமையாகவே அவர் கொண்டார். உயிரையே பணயம் வைத்த அந்நம்பிக்கையைப் போலி என்று தள்ளுவது நேர்மையாகாது. ஆனால் அம்மக்களின் மொழி வெளியார் எவருக்கும் தெரியாது. அவர் அளித்த பரிசுகளுக்கும் பாடிய பாடல்களுக்கும் கிடைத்த மறுமொழியில் அம்பும் ஒன்று. முதல் நாளில் அம்பு எய்யப்பட்டும் மறுபடி கரையேறியதில், விருந்தினன் என்ற நிலையை அவர் தாமே துறந்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும். வெளியார் கொண்டுவரும் நோய்களை எதிர்க்கும் ஆற்றல் இல்லாத ஒரு சிறு சமூகத்துக்கு, அவர் மூச்சுக்காற்றேகூடத் தீங்காகியிருக்கக் கூடும். சாதுவன் கூறிய இரு அறங்களுள் இரண்டாவதை இங்கே கடைப்பிடிக்க வேண்டியவர் வந்தவரே.

சாதுவனின் வழி இத்தீவுக்கு முழுமையாகப் பொருந்துமா என்பதும் ஐயத்துக்குரியதே. 1991இல் மானிடவியல் ஆய்வாளர்கள் நீரில் நின்று நீட்டிய தேங்காய்களை அம்மக்கள் வாங்கிக்கொண்டனர்; ஆனால் அவர்களைக் கரையில் தங்குமாறு அழைத்ததில்லை. அந்தப் பரிசுப் பயணங்களையும் 1990களின் நடுப்பகுதியோடு அரசு நிறுத்திக்கொண்டு, தொலைவிலிருந்து காவல் காப்பதோடு அமைந்துவிட்டது.