‘போதும்’ என்கிறவன் யார்?

அறுவை முடிந்து ஐந்தாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். இடது முழங்காலில் தேய்ந்துபோன மூட்டுக்குப் பதிலாக உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த வேறொரு மூட்டு இருந்தது. கையில் கொடுத்த நான்கு பக்கத் தாள்களில் அறுவை, மாத்திரைகள், காயத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் விரிவாக இருந்தன. கடைசியில் ஒரே ஒரு வரி: பிஸியோதெரபி தொடரவும். அந்த ஒரு வரிக்குள் நான் மூன்று மாதம் வசித்தேன். அங்கே எனக்குக் கிடைத்த ஒரு கேள்வியை இன்னும் தீர்க்க முடியவில்லை. நண்பர்கள் முன் அதை வைக்கலாம் என்றே எழுதுகிறேன்.

மறுநாள் காலை அந்த இளைஞர் வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கலாம். மூன்று மாடி ஏறிவந்த மூச்சு அடங்குமுன் அவர் செய்த முதல் காரியம், என் முழங்காலுக்கு அடியில் இருந்த தலையணையை உருவி எடுத்ததுதான். இரவெல்லாம் நான் முனகியது பொறுக்காமல் என் மனைவி வைத்த தலையணை அது. அது இருந்தவரை வலி குறைவாக இருந்தது என்பதும் உண்மை. முழங்கால் சற்று மடங்கின நிலையிலேயே பழகிவிட்டால் பிறகு முழுசாக நீளாது, நீளாத காலோடு நொண்டித்தான் நடக்கவேண்டியிருக்கும் என்று அவளிடம் சொன்னார். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முழங்கால் ஆதாரமில்லாமல் அந்தரத்தில் நின்று, தன் பாரத்தாலேயே நீள ஆரம்பித்தது. நான் கத்தினேன். மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள். அவளுடைய பிரியம் பிழையானது என்று முன்பின் தெரியாத ஒருவர் வந்து சொல்லிவிட்ட மாதிரி இருந்தது அவள் முகம்.

நீட்டுவது ஒரு பாதி. மடக்குவது மறு பாதி. கட்டில் விளிம்பில் உட்காரவைத்துக் கணுக்காலைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளுவார். பிறகு கோணமானியை வைத்து அளப்பார். முதல் நாள் 55 பாகை. நாற்காலியில் உட்கார்ந்து சிரமமில்லாமல் எழ 90க்கு மேல் வேண்டும். 60ஐ நெருங்கும்போது நான் “போதும்” என்பேன். “இன்னும் அஞ்சு எண்ணுங்க சார்” என்பார். நான் எண்ணமாட்டேன். அவரே எண்ணுவார்.

கேள்வி இதுதான். ‘போதும்’ என்றவன் நான். முந்தின நாள் தொலைபேசியில், “நான் கத்தினாலும் விட்டுவிடாதீர்கள்” என்று அவரிடம் கேட்டுக்கொண்டவனும் நானே. இருவரில் யார் பேச்சை அவர் கேட்கவேண்டும்?

சுலபமான பதில் ஒன்று உண்டு. அறிவு எஜமானன், உடம்பு முரட்டு மாடு. மாடு முரண்டு பிடிப்பதையெல்லாம் பொருட்படுத்தக் கூடாது. மேற்கிலும் கிழக்கிலும் இதைப் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை. கட்டில் விளிம்பில் வலித்துக்கொண்டிருந்தபோது அங்கே பிரத்தியட்சமாக இருந்தவன் கத்துகிறவன் ஒருவனே. தொலைபேசியில் பேசியவனுக்கு இந்த வலி என்னவென்றே தெரியாது. தனக்குத் தெரியாத ஒருவனுக்காக அவன் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தான். அப்படிப்பட்ட கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம்?

ஹோமரின் யுலிஸிஸ் நினைவுக்கு வருகிறான். மோகினிகளின் பாட்டைக் கேட்க வேண்டும், ஆனால் அழியக் கூடாது என்பதற்காகத் தன்னைப் பாய்மரத்தோடு கட்டச் சொல்கிறான். அவிழ்த்துவிடுமாறு தான் கெஞ்சினால் இன்னும் இறுக்கிக் கட்டும்படி கட்டளையிடுகிறான். நேற்றைய சொல் இன்றைய சொல்லை வெல்லட்டும் என்பதே அவன் ஏற்பாடு. ஆனால் துடுப்புப் போட்டவர்கள் காதில் மெழுகு அடைத்திருந்தது. மோகினிகளோடு சேர்த்து யுலிஸிஸின் குரலும் அவர்களுக்குக் கேட்டிராது. என் இளைஞருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. என் கத்தலை அவர் கேட்டே ஆகவேண்டும். எந்தக் கத்தல் தசையின் பிடிவாதம், எந்தக் கத்தல் ஏதோ கிழிகிறது என்பதன் அறிகுறி என்று பிரித்தறிய வேண்டும். மெழுகு வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. கேட்டுக்கொண்டே மீறுவது, மீறிக்கொண்டே கேட்பது என்ற இந்த நிலைக்கு நம் அறநூல்களில் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒரு நாள் அவரிடம் கேட்டேன். திசுக்கள் ஒட்டிக்கொண்டு கால் மடங்காமலே நின்றுவிட்டால், மயக்கம் கொடுத்து மேஜையில் வைத்து மடக்கிவிடுவதுண்டாமே, முதலிலேயே அதைச் செய்துவிட்டால் என்ன? அங்கே ‘போதும்’ என்று சொல்ல யாருமே இருக்கமாட்டார்களே! அவர் சிரித்தார். “மடக்கிடலாம் சார். ஆனா மறுநாள் காலைல நீங்கதானே மடக்கணும்?”

இந்தப் பதிலில் பல விஷயங்கள் எனக்குத் தெளிவாயின. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. மூட்டுக்கு விலை உண்டு. அதை வாங்கலாம், பிறர் பொருத்தலாம். மடக்குவதை வாங்க முடியாது. நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் ஸாக்ஸ் 1974இல் நார்வே மலையொன்றில் விழுந்து தொடைத் தசைநார் அறுந்து அறுவை செய்துகொண்டார். தைத்த கால் தன்னுடையதே அல்ல, யாரோ படுக்கையில் வைத்துவிட்டுப்போன பொருள் என்று அவருக்குத் தோன்றிற்று. 1984இல் வந்த அவர் புத்தகம் முழுக்க அந்த அந்நியத்தைப் பற்றியதுதான். நடக்கத் தொடங்கியபோதுதான் கால் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. எனக்கும் முதல் வாரம் அந்தக் கால் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிதான் இருந்தது. ‘போதும்’ என்று கத்திக் கத்தித்தான் அது என்னுடையதாயிற்று. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நம் கவிதையில் வலி என்ற சொல்லை நாம் தாராளமாகச் செலவழித்திருக்கிறோம், நானும் சேர்த்துத்தான். அந்தச் சொல்லை எழுதிய ஒரு தருணத்திலும் அது 60 பாகையா 65 பாகையா என்று எங்களுக்குக் கவலை இருந்ததில்லை.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இதுவரை சுற்றிவந்தேன் என்று நினைக்கிறேன்.

1987இல் என் அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்துத் திருகி, வீட்டுக்கு அனுப்பினார்கள். “எழுப்பி நடக்க வையுங்கள்” என்று டாக்டர் சொல்லத்தான் செய்தார். எழுப்பினோம். அம்மா “வேண்டாண்டா கண்ணா” என்று அழுதாள். படுக்க வைத்துவிட்டோம். மறுநாளும் அப்படியே. பிறகு எழுப்பவில்லை. முழங்காலுக்கடியில் தலையணை வைத்தோம், வேளைக்குக் கஞ்சி கொடுத்தோம். எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் பிள்ளைகள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கால்கள் மடங்கினபடியே இறுகிப்போயின. முதுகில் புண் வந்தது. பதினோராம் மாதம் சளி கட்டிப் போய்ச்சேர்ந்தாள். நாங்கள் விதி என்றோம்.

அவள் ‘வேண்டாம்’ என்றதை நான் மதித்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். மதித்தது அவள் சொல்லையா, அல்லது அவள் அழுகையைப் பார்க்க முடியாத என் பலவீனத்தையா? அவள் வலியைத் தவிர்த்தேனா, என் வலியைத் தவிர்த்துக்கொண்டேனா? தலையணை உருவப்பட்ட அன்று காலை அடுக்களைக்குள் போன என் மனைவியின் முகத்தில் நான் என் முகத்தையே பார்த்தேன்.

உடனே ஒரு ஆட்சேபம் எழும், எழவேண்டும். உன் நன்மைக்காகத்தான் வலிக்கச் செய்கிறேன் என்று சொல்லாத கொடுமைக்காரன் உண்டா? பிரம்பெடுத்த வாத்தியாரும், பெல்ட்டை உருவிய தகப்பனும், தேசத்தின் எதிர்காலத்துக்காக இன்றைய மனிதனை நசுக்கிய தலைவர்களும் இதைத்தான் சொன்னார்கள். இளைஞரின் கை அவர்களுடைய கையிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது? நான் கண்டது இரண்டு. ஒன்று, அவர் தள்ளும்போது என் காலின் எதிர்ப்பு அவர் கையில் தெரிகிறது. பிரம்பு அடிபட்டவனின் உடம்பை அடிப்பவனுக்குத் தெரிவிப்பதில்லை. இரண்டாவது, தான் தேவையற்றுப்போகும் நாளை நோக்கியே அவர் வேலை செய்கிறார். என்னை நடக்கவைத்துவிட்டால் அவர் என் வீட்டுக்கு வர வேலையில்லை. அதிகாரம் எதுவும் தன் முடிவை இப்படித் தானே தேதி குறித்துத் தேடுவதில்லை. இவை போதுமான சான்றுகளா என்பது எனக்குத் தெரியாது. ஒரு வருகைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்தானே என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. கூலி வாங்கிக்கொண்டே சீக்கிரம் நின்றுபோக விரும்பினார் என்பது மட்டும் நான் கண்டது.

விரும்பாதவன் நான்தான். பத்தாவது வாரம் கோணமானி 112 காட்டியது. சம்மணமிட்டு உட்கார இது போதாது. இனி தரையில் உட்காரவே வேண்டாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது போயிற்று. மற்றபடி எல்லாம் முடிந்திருந்தது. “இனி நீங்களே செஞ்சுக்கலாம் சார்” என்றார். இன்னும் வலிக்கிறது என்றேன். பொய். இரண்டு வாரம் கூடுதலாக வந்தார். கால் எளிதாக மடங்குவது அவர் கைக்குத் தெரியாமலா இருக்கும்? ஒன்றும் சொல்லாமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் வராத முதல் காலை, கட்டில் விளிம்பில் நானே உட்கார்ந்து காலைப் பின்னுக்கு இழுத்தேன். ஓரிடத்தில் ‘போதும்’ என்று தோன்றியது. சொல்லிக் கேட்க எதிரே யாருமில்லை. ஐந்து எண்ணினேன். மூன்றாவது எண்ணில் அம்மாவின் ஞாபகம் வந்தது. மீதி இரண்டையும் எண்ணி முடித்தேன்.