எஞ்சிய ஐந்து சதவீதம்

2019 செப்டம்பர் 7, அதிகாலை. பெங்களூர் பீன்யாவிலுள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையத்தைத் தேசமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவிலிருந்து 2.1 கி.மீ. உயரம்வரை திட்டப்படி இறங்கியது, அதன்பின் தொடர்பு அறுந்தது என்று தலைவர் சிவன் அங்கேயே அறிவித்தார். அன்று மக்கள் இஸ்ரோவை முன்னிலும் அதிகமாக நேசித்தார்கள்.

அடுத்து வந்த அறிக்கை, நோக்கங்களில் 90 முதல் 95 சதவீதம் நிறைவேறியதாகக் கூறியது. இரண்டு வாரங்களில் அது 98 ஆயிற்று. இவை பொய்யா? அப்படிச் சொல்வது அநீதி. சுற்றுக்கலம் செம்மையாக இயங்கிக்கொண்டிருந்தது; திட்டத்தின் ஆய்வுகளில் பெரும்பகுதி அதனுடையதே. ஆனால் மக்கள் மனத்திலிருந்த கேள்வி வேறு: விக்ரமுக்கு என்ன நேர்ந்தது? வேகம் கணித்ததைவிட அதிகமாகக் குறைந்ததால் கலம் தரையில் மோதியது என்ற முறையான விளக்கம், நவம்பரில் மக்களவைக்கு அளிக்கப்பட்ட எழுத்துப்பூர்வ பதிலில்தான் கிடைத்தது. டிசம்பரில், சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் சுட்டிய தடயத்தைக் கொண்டு நாசா சிதறல்களை உறுதிசெய்தது.

கேட்கப்படாத கேள்விக்கு உண்மையான பதில் கூறுவது வாய்மையாகுமா? குருக்ஷேத்திரத்தில் தருமர் சொன்னதிலும் பொய்யான சொல் ஒன்றுமில்லை. அசுவத்தாமன் என்ற யானை இறந்தது மெய்தான். துரோணர் கேட்டது யானையைப் பற்றியல்ல. அதுவரை நிலத்துக்கு நான்கு விரற்கடை மேலே சென்ற தருமரின் தேர் அன்று மண்ணைத் தொட்டது. வாய்மையை அளக்கும் கோல் சொல்பவனிடம் மட்டுமல்ல, கேட்பவனிடமும் இருக்கிறது.

இத்தொழிலை நாம் 'மக்கள் தொடர்பு' என்கிறோம். (மொழிபெயர்ப்பில் காலம் கழிப்பவனுக்கு இச்சொல் பிடிக்கும், 'விளம்பரம்' என்பதைப்போல் இது ஒருவழிப் பாதையன்று.) இத்துறையினரின் இந்தியச் சங்கம் 1968லேயே ஏதென்ஸ் நெறிமுறையை ஏற்றது. எனினும் சம்பளம் தரும் நிறுவனத்துக்கும் நம்பிக் கேட்கும் மக்களுக்கும் இடையே நிற்பவரின் சங்கடம் நெறிமுறை ஏட்டால் மட்டும் தீர்வதில்லை. விசாரணை முடியுமுன் காரணம் கூறுவதும் பொறுப்பன்று என்பார்கள், சரிதான். "இன்னும் தெரியவில்லை, ஆராய்கிறோம்" என்பதும் ஒரு பதிலே. அதற்குச் சதவீதம் தேவையில்லை.

இஸ்ரோவின் சொந்த வீட்டிலேயே இதற்கு முன்னோடி உண்டு. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 வங்கக்கடலில் விழுந்தது. முதற்கட்டம் நன்றாகவே இயங்கியது, பழுது இரண்டாம் கட்டத்தில்தான். அதைச் சொல்லித் தேற்றியிருக்கலாம். தலைவர் சதீஷ் தவனோ நிருபர்கள்முன் தோல்வியை ஒப்புக்கொண்டு, பொறுப்பைத் தாமே ஏற்றார் என்று திட்ட இயக்குநராயிருந்த அப்துல் கலாம் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1980 ஜூலை 18 அன்று ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தபோது, நிருபர்களைச் சந்திக்கும்படி கலாமை அனுப்பிவைத்தார் தவன்.