மூடிய பொட்டலத்தின் விலை

விலை கொடுத்து ஒரு பொருளை வாங்குகிறவர், அப்பொருள் இன்னதென்று அறிந்து வாங்கவே விரும்புவார். செயங்கொண்டம் பகுதியில் முந்திரிக்கொட்டை வாங்க வரும் வணிகர், மூட்டையைப் பிரித்து, கைநிறைய அள்ளி, ஒன்றிரண்டை உடைத்துப் பார்த்த பின்னரே விலை பேசுவார். ஆனால், கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலைக் காணவரும் பள்ளிச் சிறுவன் ஒருவனின் கையில் பத்து ரூபாய் இருக்கட்டும். கடையில் சரமாகத் தொங்கும் அட்டைப் பொட்டலம் அவன் கண்ணில் படட்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமலே, ஏன், அறியாத காரணத்தினாலேயே, அதை அவன் வாங்குவான். அறியாமைக்கு விலை வைத்து விற்பது முறைதானா என்னும் கேள்வி இங்கே எழுகிறது.

இது புதிய வணிகமன்று. அட்டையில் ஒட்டிய சிறு சீட்டைக் கிழித்து, அதிலுள்ள எண்ணுக்கு ஏற்ப ஊதற்பையோ பொம்மையோ பெற்ற நாள்கள் பலருக்கும் நினைவிருக்கும். பிக் ஃபன் மிட்டாயோடு வந்த கிரிக்கெட் படங்களை ஒரு தலைமுறை சேர்த்தது. பின்னர் வந்த தலைமுறை மல்யுத்த வீரர்களின் ஸ்லாம் அட்டாக்ஸ் அட்டைகளைச் சேர்த்தது. மேலைநாட்டில் இவ்விளையாட்டுக்குப் புது வடிவம் தந்தவர் ரிச்சர்டு கார்ஃபீல்டு. அவர் வகுத்த ‘மேஜிக்: த கேதரிங்’ 1993-இல் வெளிவந்தது, அதன் வழக்கமான பொட்டலத்தில் 15 அட்டைகள் இருந்தன, அவற்றுள் அரியது ஒன்றே ஒன்று. 1996-இல் சப்பானில் போக்கிமான் அட்டைகள் வந்தன. இன்றோ கடைக்குப் போகவும் வேண்டியதில்லை. சந்தா கட்டினால் மாதந்தோறும் பெட்டி வீடு தேடி வருகிறது.

இச்சந்தாப் பெட்டிகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் விலையையும் அட்டைகளின் எண்ணிக்கையையுமே ஒப்பிடுகின்றனர். நாம் வேறொரு அளவுகோலைக் கொண்டு பார்ப்போம். முதல் வகைப் பெட்டியில் முத்திரையிட்ட பொட்டலங்களே உள்ளன; அவற்றுள் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கும் தெரியாது. இரண்டாம் வகைப் பெட்டியில் விற்பவர் தாமே பொறுக்கி வைத்த அட்டைகள் உள்ளன. அவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. மூன்றாம் வகையில், உள்ளிருப்பவை அனைத்தும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. வாங்குவோர் எல்லாருக்கும் ஒரே அட்டைகளே கிடைக்கும். ஃபேண்டஸி ஃபிளைட் கேம்ஸ் நிறுவனம் 2008-இல் இம்மூன்றாம் வகையில் அட்டைத் தொகுதிகளை வெளியிடத் தொடங்கியது. அங்கே ஆட்டத்தில் வெல்பவன் திறமையால் வெல்கிறான். அதிகப் பொட்டலங்களை வாங்கியவன் என்பதால் வெல்வதில்லை.

முதல் வகை தவறென்றால், தற்செயல் என்பதே தவறாகிவிடுமோ? இல்லை. தற்செயலை அறநெறியோடு பயன்படுத்தியவர்கள் நம் முன்னோர். கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திரனுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர், முதலாம் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாக உரைக்கின்றன. தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். நிலம், வயது, கல்வி, ஒழுக்கம் ஆகியவை முதலில் ஆராயப்பட்டன. அதன் பின்னரே தற்செயலுக்கு இடம் தரப்பட்டது. ஓலை எடுக்கப்பட்டவருக்குக் கிடைத்தது ஓராண்டுக் காலப் பொறுப்பு. அங்குள்ள தகுதி விதிகள் எல்லாவற்றையும் இன்று நாம் ஏற்கமாட்டோம். ஆயினும், பதவியாசைக்கும் பக்கச்சார்புக்கும் இடம் தராமல் இருக்கவே தற்செயல் அங்கே அழைக்கப்பட்டது என்பதை மறுக்க இயலாது.

இன்னும் நெருக்கமான சான்று நம் தெருவிலேயே உண்டு. இருபது பேர் மாதம் ஆயிரம் ரூபாய் கட்டும் குலுக்கல் சீட்டை எண்ணிப் பாருங்கள். முதல் மாதம் யாருக்கு விழும் என்பது தெரியாது. ஆனால் இருபது மாதங்கள் முடிவதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை விழுந்தே தீரும். எப்போது கிடைக்கும் என்பதை மட்டுமே தற்செயல் முடிவு செய்கிறது. கிடைக்குமா கிடைக்காதா என்பதை அது முடிவு செய்வதில்லை. அட்டைப் பெட்டிக்கும் சீட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அரிய அட்டையை நாடி இருபது மாதங்கள் சந்தா கட்டிய சிறுவனுக்கு இருபத்தோராம் மாதத்திலும் எந்த உறுதியும் இல்லை.

திருவிவிலியத்திலும் இருவகைச் சீட்டுகளைக் காண்கிறோம். யூதாசின் இடத்தை நிரப்ப, திருத்தூதர்கள் தகுதியுள்ள இருவரை நிறுத்தி, இறைவனிடம் வேண்டி, சீட்டுப் போட்டனர், மத்தியா தெரிந்துகொள்ளப்பட்டார். அதற்குச் சில வாரங்கள் முன்னர், சிலுவையடியில் படைவீரர்களும் தையலில்லாத அங்கிக்காகச் சீட்டுப் போட்டனர். செயல் ஒன்றே. முன்னதில் பணி ஒப்படைக்கப்பட்டது. பின்னதில் பிறனுடைய உடைமை ஆதாயமாயிற்று. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், தற்செயல் விளையாட்டுகள் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல என்கிறது. தனக்கோ பிறர்க்கோ தேவையானதைப் பறிக்கும்போதே அவை ஏற்கத் தகாதவை ஆகின்றன என்றும், சூதாட்ட வேட்கை மனிதனை அடிமையாக்கக்கூடும் என்றும் அது எச்சரிக்கிறது.

“பெட்டியில் எப்படியும் அட்டைகள் இருக்கின்றனவே, இழப்பு எங்கே? பிறந்தநாள் பரிசையும் மூடித்தானே கொடுக்கிறோம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பரிசுப் பொதிக்குப் பின்னால் நம்மை அறிந்த ஒருவர் இருக்கிறார்; நமக்கென்று எண்ணி அவர் தேர்ந்த பொருள் உள்ளே இருக்கிறது. முத்திரையிட்ட பொட்டலத்திற்குப் பின்னால் நம்மை அறிந்தவர் எவருமில்லை. நம்மை எண்ணி எவரும் எதையும் தேர்ந்ததுமில்லை. எண்ணிப் பார்த்ததெல்லாம் நம் ஆவலை மட்டுமே. எத்தனையாவது முயற்சியில் பலன் வரும் என்று தெரியாத நிலையே ஒரு செயலை விடாமல் மீண்டும் மீண்டும் செய்யத் தூண்டுகிறது என்று உளவியலார் ஸ்கின்னர் 1950-களிலேயே ஆய்ந்து கூறினார். பழக்கத்தை எடைபோடும் பக்குவம் வராத வயதினரிடம் இத்தூண்டுதலை விற்பதுதான் நம் மனச்சான்றை உறுத்த வேண்டியது.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தற்செயல் பொட்டலங்களில் ஒரு நன்மையும் இருந்தது. ஒரே அட்டை இருமுறை வந்தவன், அது இல்லாதவனைத் தேடிப் போக வேண்டியிருந்தது. பள்ளி மரத்தடியில் அட்டைகள் கைமாறின. பேரம் பேசவும், ஏமாறாதிருக்கவும், சில வேளைகளில் இளகி விட்டுக்கொடுக்கவும் பிள்ளைகள் அங்கே கற்றனர். தன்னிடமுள்ள மிகுதி இன்னொருவனின் தேவை என்னும் பாடம் எளிதானதன்று. மாதந்தோறும் தனி முகவரிக்கு வந்து, தனியறையில் பிரிக்கப்படும் பெட்டியோ தற்செயலை மட்டும் வைத்துக்கொண்டு தோழமையைக் கழித்துவிடுகிறது. எஞ்சிய இரட்டை அட்டைகள் மேசையறையில் குவிகின்றன. அடுத்த மாதப் பெட்டிக்கான காத்திருப்பு தொடங்குகிறது.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. தமிழக அரசு 2003-இல் பரிசுச்சீட்டு விற்பனையைத் தடை செய்தது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல், கணினி விளையாட்டுகள் சிலவற்றில் பணத்துக்கு விற்கப்பட்ட மூடிய பெட்டிகளைச் சட்டத்துக்குப் புறம்பான சூதாட்டமெனக் கண்டது. ஆனால் பத்து ரூபாய்ப் பொட்டலத்தைச் சட்டம் துரத்திச் செல்ல இயலாது. முன்பணம் வாங்கும் நிறுவனம் என்றும் நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. 2012-இல் தொடங்கி, விளையாட்டு ஆர்வலர்களுக்கு மாதப் பெட்டிகள் அனுப்பிப் புகழ்பெற்ற லூட் கிரேட் நிறுவனம் 2019-இல் திவால் மனு தாக்கல் செய்தது.

ஆகவே பொறுப்பு இல்லத்திடமே வருகிறது. பிள்ளைகளின் விளையாட்டை வெறுத்துத் தள்ளுவதால் பயனில்லை. அட்டை கேட்கும் மகனையோ மகளையோ அருகில் அமர்த்திச் சில கேள்விகளைச் சேர்ந்தே கேட்கலாம். இதில் தற்செயல் எதை முடிவு செய்கிறது? வேண்டிய அட்டையைத் தனியாக, விலை தெரிந்து வாங்க வழியுண்டா? வாங்கியதை யாரோடு ஆடப் போகிறாய்? இறுதிக் கேள்விக்கு விடை இருக்குமானால், உள்ளடக்கம் அறிவிக்கப்பட்ட ஒரு தொகுதியை வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே தொகுதியோடு வந்து அமரலாம். விடை இல்லையெனில், எவ்வளவு மலிவான சந்தாவும் விலை கூடியதே.