அத்தாவுக்கு ஒரு ஹதியா

மீன்பிடிப்பதில் மனமகிழும் தந்தைக்கு எதனை ஹதியாவாக அளிப்பது? உயர்ந்த விலையில் ஒரு தூண்டில் என்பான், பனியன் தொழிலில் பொருளீட்டிய திருப்பூர் மகன். ஆனால், அத்தா இளமையில் தூண்டிலிட்ட நொய்யல் என்னவாயிற்று?

நம் சாயக்கழிவு, பாசனத்திற்கென 1992இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணையையே நச்சுத் தேக்கமாக்கிற்று. கழிவை முற்றும் நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது.

கடல்வேட்டையை ஹலாலாக்கும் அல்மாயிதா 96ஆம் வசனம் ஆற்று மீனையும் உள்ளடக்கும் என்பது விரிவுரையாளர் கருத்து. அல்லாஹ் திறந்த அவ்வாசலை அடைத்த கையே தூண்டிலை நீட்டினால், அது ஹதியாவாகுமா? பறித்ததைத் திருப்பித் தருவது கொடையன்று, கடன்.

தன் பட்டறைக் கழிவு ஒரு சொட்டும் ஆற்றில் கலவாமல் காப்பதே மகனின் முதற்கடன். அதன்பின் தூண்டிலும் வாங்கட்டும். ஞாயிறு மாலையில் அத்தாவின் அருகே கரையில் அமரட்டும். அதுவே ஹதியா.